மறுமொழி வரும் வரை செல்லுபடியாகும்

இந்திய அரசியல் சாசனத்தின் ஐந்தாவது ஷரத்து, ‘பி’ உட்பிரிவு: சாசனம் நடைமுறைக்கு வந்த நாளில் ஒருவர் இந்திய நிலப்பரப்பை வாழ்விடமாகக் கொண்டிருந்து, அவருடைய தாய் தந்தையரில் ஒருவர் இந்திய நிலப்பரப்பில் பிறந்திருந்தால், அவர் இந்தியக் குடிமகன். அவ்வளவுதான் விதி. மனப்பாடம் செய்ய ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் போதும். ஆமினா என்ற மாணவிக்கு இதைப் பொருத்திப் பார்க்க எங்களுக்கு ஐந்து வருஷமும் ஐந்து மாதமும் ஆயின. அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு என் கைவேலை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

இதை எழுதும்படி கேட்டவர்கள் இப்போது தாலுகா அலுவலகத்தில் இருக்கும் இளைஞர்கள். இலங்கையிலிருந்து திரும்பி ரப்பர் தோட்டங்களில் குடியேறியிருப்பவர்களின் பிள்ளைகள், பள்ளியில் சேரவும் கல்லூரியில் சேரவும் சான்றிதழ் கேட்டு வருகிறார்களாம். பிறப்புச் சீட்டு இல்லை, வந்து இறங்கிய சீட்டு இல்லை, சிலருக்கு அப்பாவின் ஊர்ப்பெயர்கூடச் சரியாகத் தெரியவில்லை. “உங்க காலத்தில இதுக்கு என்ன சார் செய்தீங்க?” என்று ஒரு தம்பி கேட்டார். என்ன செய்தோம் என்று எழுதுகிறேன். அப்படியே செய்யுங்கள் என்று சொல்லவில்லை.

நான் கிழக்கே, பூவுக்குப் பேர்போன தோவாளைக்காரன். பி.ஏ. முடித்து, 1947-இல், சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு, மேற்குப் பக்கத்துத் தாலுகாக் கச்சேரி ஒன்றில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். எந்தத் தாலுகா என்று சொல்லப்போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே வேலை பார்க்கிறார்கள். மகாராஜாவின் அரசாங்கத்தில் சேர்ந்தேன். இரண்டு வருஷத்தில் அது திருவிதாங்கூர்-கொச்சி ஆயிற்று. 1956-இல் சென்னை ராஜ்யம் ஆயிற்று. நாற்காலியை விட்டு எழாமலேயே மூன்று அரசாங்கங்களில் உழைத்த பெருமை எனக்கு உண்டு. பயிற்சிக் காலத்தில் கற்றது இரண்டே விஷயம். ஒன்று, மலையாளத்தில் கோப்பு எழுதுவது. மற்றது, எந்தக் காகிதத்தையும் மேஜையில் மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது, அடுத்த மேஜைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது. இரண்டாவதை எல்லோரும் விரைவில் கற்றுக்கொண்டார்கள்.

எங்கள் தாசில்தார் மாதவன் தம்பி. அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அவர் மனுக்களைக் கீழிருந்து மேலாகப் படிப்பார். முதலில் கையெழுத்து, பிறகு தேதி, பிறகு ‘ஆகையால் பிரார்த்திக்கிறேன்’ என்ற கடைசிப் பத்தி, அதன் பிறகே காரணங்கள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். “எந்து வேணும்னு அறியாதே ஏன் வேணும்னு படிச்சா, மனசு எளகும். எளகினா தீர்மானம் தெத்தும்,” என்றார். தெத்தும் என்றால் தவறிப்போகும். எந்த உத்தரவையும் முதலில் பென்சிலில் எழுதி, ஒரு நாள் மேஜை இழுப்பறையில் தூங்க வைப்பார். மறுநாள் எடுத்துப் படித்து, வெட்கமாக இல்லாவிட்டால், அதன் மேலேயே மையால் எழுதுவார். வெட்கமாக இருந்தால் ரப்பரால் அழிப்பார். வருஷத்துக்கு எத்தனை ரப்பர் தீர்ந்தது என்பது எழுதுபொருள் பகுதி பார்த்த எனக்குத் தெரியும். அதனாலேயே அவரிடம் எனக்கு மரியாதை.

இனி ஆமினா. 1951 ஜூன் மாதம், மழை கொட்டிய ஒரு காலையில், அவளும் அவள் உம்மா மரியம் பீவியும் கச்சேரிக்கு வந்தார்கள். கடலோரக் கிராமம், கயிறு முறுக்கும் குடும்பம். ஆமினா பள்ளி இறுதி வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தாள். பெண்களுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்திருந்தது. அந்தக் கடற்கரையிலிருந்து ஒரு முஸ்லிம் பெண் வாத்தியாராகப் போவது அதுவே முதல் முறை. எந்த நாட்டவர், எந்த ஊர்க்காரர் என்று காட்டும் நேட்டிவிட்டி சான்றைப் பதினெட்டு நாளுக்குள் கொண்டு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

சாதாரணமாக இது ஒரு மதியத்து வேலை. ஆனால் அவளுடைய பள்ளிப் புத்தகத்தில் பிறந்த இடம் ‘கொழும்பு’ என்று இருந்தது.

கதை இதுதான். அவள் வாப்பா அசன் கண்ணு இளம் வயதில் கொழும்புக்குப் போய்க் கயிற்றுக்கடை வைத்தவர். ஊருக்கு வந்து மரியம் பீவியைக் கட்டி அழைத்துப் போனார். ஆமினா அங்கே பிறந்தாள். 1947 தொடக்கத்தில் அவர் காய்ச்சலில் இறந்துபோனார். தாயும் மகளும் குளச்சலுக்கு வந்த ஒரு தோணியில் ஏறி ஊர் திரும்பினார்கள். மண்டபம் வழியாகக் கப்பலில் வந்திருந்தால் கையில் ஒரு சீட்டாவது இருந்திருக்கும். தோணிக்காரர் சீட்டுக் கொடுப்பதில்லை. வாந்தி எடுக்க ஒரு சிரட்டை மட்டுமே கொடுத்தாராம். இதற்குள் இலங்கையில் புதிய சட்டம் வந்துவிட்டது. இந்தியத் தகப்பனுக்கு அங்கே பிறந்த பிள்ளை அங்கத்துப் பிரஜை இல்லை. இங்கேயும் இல்லை என்று நாங்கள் சொல்லிவிட்டால், அந்தப் பெண் கடலின் நடுவில்தான் குடியிருக்க வேண்டும்.

விதிப்படி விசாரணைக்கு நான் கிராமத்துக்குப் போனேன். கிராம அதிகாரியை எங்கள் பக்கம் பார்வத்தியக்காரர் என்போம். அவர் மரியம் பீவியைக் கண்டதும் தலையில் அடித்துக்கொண்டார்.

“ஏம்மா, பள்ளிக்கூடத்தில கொளும்புன்னு எதுக்கு பறஞ்சே? இஞ்ச பெத்தேன்னு ஒரு வார்த்த பறஞ்சிருந்தா சங்கதி தீந்துதே. ஆரு பாத்தா?”

“நான் பாத்தேன்,” என்றாள் மரியம் பீவி. “இவ பெறந்தது கொளும்பில. அந்த வேதனைய இஞ்ச வச்சுப் பட்டேன்னு பறயணுமா? இவளுக்க வாப்பா இந்த மண்ணில பெறந்தவராக்கும். அத எழுதுங்க. போராதா?”

“போரும். ஆனா அதுக்குத் தெளிவு வேணும்லா?” அத்தாட்சியைத்தான் தெளிவு என்றார்.

“தெளிவா? மனுசன் பெறந்ததுக்கு மனுசன்தான் தெளிவு.” என்னைத் திரும்பிப் பார்த்தாள். “சாரு கெழக்கரோ? பேச்சு ஒருமாதிரி நீட்டாம இருக்கே.”

தோவாளை என்றேன். “பூக்காரங்க,” என்று மகளிடம் சொன்னாள், ஏதோ என் சந்தேகங்களுக்கெல்லாம் அதுதான் காரணம் என்பது போல.

மரியாதைக்குரிய அண்டை வீட்டார் ஐந்து பேரின் வாக்குமூலம் வேண்டும் என்பது விதி. ஐந்து பேர் என்று அறிவித்ததும் பதினாறு பேர் வந்தார்கள். யார் அந்த ஐந்து என்பதில் ஒரு மணி நேரம் சச்சரவு. கடைசியில் பதினாறு பேரிடமும் கையெழுத்து வாங்கினேன். ஆனால் எல்லோரும் அசன் கண்ணுவுக்கு இளையவர்கள். ‘அவர் இங்கே பிறந்தது தெரியுமா?’ என்றால், ‘நான் பிறக்கும்போதே அவர் இருந்தார்’ என்றார்கள். பிறப்புப் பதிவு அந்தக் காலத்தில் ஒழுங்காக நடந்ததில்லை. அவர் பள்ளிக்கூடமும் போனதில்லை. மரியம் பீவி பிறந்தது வேறு ஊரில், அதற்கும் காகிதம் இல்லை.

திரும்பலாம் என்று குடையை விரித்தபோது ஆமினா வாய் திறந்தாள்.

“சாரே, வாப்பாக்க கையில அஞ்சு அச்சு இருந்துது.”

அச்சு என்றால் அம்மை குத்திய தழும்பு. இடது கையில் மூன்று இருந்தால் போதும். ஐந்து எதற்கு?

மரியம் பீவி சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். “அத ஏன் கேக்குதிய! அவிய கைப்பிள்ளையா இருக்கச்சில அச்சு குத்த ஆளு வந்தாராம். மாமி பிள்ளையத் தூக்கிக் கயித்துக் குவியலுக்குள்ள ஒளிச்சாளாம். அழுகை கேட்டுப் பிடிச்சுட்டாவ. பிள்ள கைகாலை ஒதறினதில ரெண்டு குத்துதான் விழுந்துது, அதுவும் வலது கையில. அச்சு பொங்கல்ல, பிடிக்கல்லன்னு சொல்லி அடுத்த மாசம் வந்து இடது கையில மூணு. மாமி சாகும்வரைக்கும் பறஞ்ச கத இது ஒண்ணுதான்.”

நான் குடையை மடக்கினேன். மகாராஜாவின் அரசாங்கம் குழந்தை பிறந்ததைக் குறித்துக்கொள்ளாமல் விட்டிருக்கலாம். அதன் கையைக் குத்தியதைக் குறிக்காமல் விட்டதில்லை. அச்சு குத்தியவர் ஒவ்வொரு கையையும் பதிவேட்டில் எழுதி மேலே காட்ட வேண்டும். அந்தப் பதிவேடுகளைக் கேட்டேன். பார்வத்தியக்காரர் பரணைக் காட்டி, “அங்க பாம்பு உண்டு,” என்றார். நல்லபாம்பா என்று கேட்டேன். விசாரித்ததில்லை என்றார். ஏணி போட்டு நானே ஏறினேன். பாம்பு இல்லை. செல் அரித்த மூட்டைகள் இருந்தன. நாலாவது மூட்டையில், கொல்லம் ஆண்டு 1074-க்கான, அதாவது இங்கிலீஷ் கணக்கில் 1898-99-க்கான புத்தகத்தில் கிடைத்தது: புன்னைவிளை வீடு, மீரான் கண்ணு மகன் அசன் கண்ணு, வயது ஒன்பது மாதம், இதே வீட்டில் பிறந்தது. குறிப்பு என்ற கட்டத்தில், ‘பிடிக்கவில்லை, மறுமுறை குத்தப்பட்டது.’

எங்கள் ஊர்களில் ஒரே பெயரில் பத்துப்பேர் இருப்பார்கள், வீட்டுப்பெயர்தான் ஆளைப் பிரிக்கும். வீட்டுப்பெயரும் இருந்தது, அழுகையும் இருந்தது. இதைவிடப் பிரமாதமான அத்தாட்சியை நான் பிறகு முப்பது வருஷ உத்தியோகத்தில் கண்டதில்லை. நகல் எடுத்து, பார்வத்தியக்காரரிடம் கையெழுத்து வாங்கி, மார்பை நிமிர்த்திக்கொண்டு கச்சேரிக்கு வந்தேன். கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

எங்கள் தலைமைக் குமாஸ்தா நீலகண்டம், காகிதத்தில் ஓட்டை இல்லாவிட்டால் வருத்தப்படுகிறவர். நகலை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் யாருக்கோ கெட்ட காலம்.

“ஓய், சாசனத்தில எப்பிடிப் போட்டிருக்கு? இந்திய நிலப்பரப்பில பெறந்திருந்தா.”

“ஆமா.”

“1074-ல இந்த இடம் இந்தியாவா?”

“பின்ன என்ன, கொழும்பா?”

“மகாராஜாவுக்க ராஜ்யமாக்கும். இந்தியான்னா அன்னைக்கு வெள்ளக்காரனுக்க இந்தியா. இது தனி. அசன் கண்ணு பெறந்தது திருவிதாங்கூர்ல, இந்தியாவில இல்ல. ஷரத்து பொருந்தாது.”

“அப்படிப் பாத்தா நீரும் நானும்கூட இந்தியாவில பெறக்கல்ல.”

“எங்கிட்ட ஆரும் நேட்டிவிட்டி கேக்கல்லியே வேய்!”

கச்சேரி முழுவதும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நகைச்சுவைக்காகச் சொல்லியிருந்தால் மன்னித்திருக்கலாம். அவர் கோப்பில் எழுதிவிட்டார். எழுதிய சந்தேகத்தை யாரும் அழிக்க முடியாது, அதற்கு மேலே ஒருவர் தீர்த்துவைக்கத்தான் வேண்டும். கோப்பு தாசில்தாரிடம் போயிற்று. மாதவன் தம்பி வழக்கம்போலக் கீழிருந்து படித்தார். நீலகண்டத்தின் குறிப்பு கடைசியில் இருந்ததால் அதையே முதலில் படித்தார்.

“கொள்ளாம், நல்ல சந்தேகம்,” என்றார். “நான் பிறந்தது பத்மநாபபுரம். அப்போ நானும் இந்தியக்காரன் அல்ல.”

சந்தேகம் அபத்தம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் சாசனம் வந்து ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு அர்த்தம் சொல்ல ஒரு தாசில்தாருக்கு அதிகாரம் இல்லை. மேலிடத்துக்கு எழுதி விளக்கம் கேட்க வேண்டும். மேலிடம் எட்டு நாளில் பதில் எழுதியதாகச் சரித்திரம் இல்லை.

தாயையும் மகளையும் வரச்சொன்னார். ஆமினாவை முன்னால் நிறுத்தி, “பிள்ளே, நீ எவிடத்துக்காரி?” என்று கேட்டார்.

“அதச் சாரு சொல்லணும். அதுக்காக்கும் மனு தந்தது.”

மரியம் பீவி, “ஏட்டி!” என்று முழங்கையால் இடித்தாள். தாசில்தார் நாற்காலியில் சாய்ந்து, கூரையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பென்சிலை எடுத்தார். அன்றைக்கு எழுதியதை இழுப்பறையில் வைத்தார். நான் அன்று மத்தியானம் இரண்டு முறை ஏதோ சாக்கில் அந்த அறைக்குப் போய் இழுப்பறையைப் பார்த்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை மையால் எழுதி என்னிடம் கொடுத்தார். மேலிடத்துக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம். கூடவே ஆமினாவுக்கு ஒரு சான்று. அவள் இந்தியக் குடிமகள், இத்தாலுகாவைச் சேர்ந்தவள் என்று சாதாரணச் சான்றில் உள்ள எல்லா வாசகமும் இருந்தது. கடைசியில் ஒரு வரி அதிகம்: ‘மேற்படி விஷயத்தில் அரசின் மறுமொழி வரும் வரை இது செல்லுபடியாகும்.’

நீலகண்டம் பதறிப்போனார். “இப்படி ஒரு சான்று சட்டத்தில இல்லியே!”

“கொடுக்கக்கூடாதுன்னு எவிடயாவது எழுதியிருக்கோ?”

நீலகண்டம் மூன்று நாள் தேடினார். எழுதியிருக்கவில்லை. அதற்குள் ஆமினா பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அங்கே சான்றைப் பார்த்தவர்கள், முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்களாம்.

இப்போது நிலைமையை யோசித்துப் பாருங்கள். மறுமொழி சாதகமாக வந்தால் நல்லது. பாதகமாக வந்தால் அன்றைக்கே சான்று செத்துவிடும், படிப்பும் போகும். வராமலே இருந்தால்? வராமல் இருக்கும் வரை அவள் இந்தியப் பிரஜை. ஆகவே வராமல் இருப்பதே எல்லாவற்றிலும் பத்திரம் என்று எனக்குப் பட்டது.

ஆனால் மாதம் ஒரு முறை ஞாபகக் கடிதம் அனுப்பியே ஆக வேண்டும். விதி அப்படி. அனுப்பாவிட்டால் என்மேல் குற்றம். அனுப்பினால் எவராவது விழித்துக்கொண்டு பதில் எழுதிவிடக்கூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்து ஒரு வழி கண்டேன். வழக்கமாக ஞாபகக் கடிதத்தில் மூலக் கடிதத்தின் எண்ணைக் குறிப்பிடுவோம். நான் அதற்கு முந்தைய ஞாபகக் கடிதத்தின் எண்ணை மட்டும் குறிப்பிட்டேன். அதுவும் முறைதான், யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மேலிடத்தில் அதைப் பிரித்துப் பார்க்கிறவருக்கு எதைப் பற்றிய ஞாபகம் என்று தெரியாது. ‘இக்கடிதம் எதைக் குறித்தது என்று தெரிவிக்கவும்’ என்று எங்களைக் கேட்பார். நான், ‘தங்கள் இன்ன எண்ணுள்ள கடிதத்தைக் குறித்தது’ என்று, அவர் கேட்ட அந்தக் கடிதத்தின் எண்ணையே எழுதுவேன். அவர் அதற்குப் புதிய கோப்பு திறப்பார். நான் ஒரு பொய்கூட எழுதவில்லை. சுருக்கமாக எழுதினேன்.

தாசில்தார் ஒவ்வொரு மாதமும் அதில் கையெழுத்திட்டார். எட்டாவதோ ஒன்பதாவதோ மாதம் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். “நிங்கள்க்கு நல்ல பாவி உண்டு,” என்றார். மலையாளத்தில் பாவி என்றால் எதிர்காலம். அதைச் சொன்னாரா, என் ஆத்மாவைச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். 1954-இல் அவர் வடக்கே மாற்றலாகிப் போகும்போது, எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, என்னிடம் மட்டும், “ஞாபகக் கடிதம் மறக்கக்கூடாது,” என்றார்.

ஆமினா 1953-இல் பயிற்சி முடித்து, தன் ஊருக்குப் பக்கத்திலேயே அரசுப் பெண்பள்ளியில் வாத்தியாரானாள். வருஷம் இரண்டு முறை, விடுமுறையில், கச்சேரிக்கு வருவாள். சன்னலுக்கு வெளியே நின்று, “வந்துட்டா சாரே?” என்று கேட்பாள்.

“வரல்ல.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். புதிதாக வந்த சிப்பந்தி ஒருவர், “சாரே, இந்தப் பிள்ளைக்கு வல்ல கொழப்பமும் உண்டா? வரல்லன்னு சொன்னா சந்தோசப்படுதே,” என்று கவலைப்பட்டார். கச்சேரிக்கு வந்து ‘இல்லை’ என்ற பதிலைக் கேட்டு மகிழ்ந்துபோன மனுஷி என் அனுபவத்தில் அவள் ஒருத்திதான்.

1956 செப்டம்பரில் வந்தாள். அதே சன்னல்.

“வந்துட்டா சாரே?”

“வரல்ல.”

இந்த முறை சிரிக்கவில்லை. உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். “சாரே, இனி அது வரணும்,” என்றாள்.

நவம்பர் முதல் தேதி திருவிதாங்கூர்-கொச்சியின் தெற்குக் கோடியில் உள்ள நம் நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தில் சேரப்போகின்றன. இங்கே வேலை பார்க்கும் அரசு ஊழியர் ஒவ்வொருவருடைய பெயரும் ஒப்படைப்புப் பட்டியலில் ஏற வேண்டும். அதில் சொந்த இடம் என்று ஒரு கட்டம். நேட்டிவிட்டி தீர்மானமாகாதவர்களைப் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று சுற்றறிக்கை. சேராதவர்களைத் திருவனந்தபுரம் வைத்துக்கொள்ளுமா என்றால், பிரிந்துபோகும் தாலுகாவில் வேலை பார்ப்பவர் எங்கள் ஊழியர் இல்லை என்று அங்கிருந்து இன்னொரு சுற்றறிக்கை. நவம்பர் முதல் தேதியிலிருந்து ஆமினா இரண்டு அரசாங்கத்திலும் இல்லாத ஒரு வாத்தியாரம்மா. அவள் வகுப்பில் அப்போது நாற்பது பெண்கள், பாதிப்பேர் அவள் படித்ததைப் பார்த்துப் பள்ளிக்கு வந்தவர்கள். எங்கள் கச்சேரியில் தயாரான பட்டியலில் அவள் பெயருக்கு நேரே பென்சிலில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். நவம்பர் ஐந்தாம் தேதி பட்டியல் கைமாறும். முடிவு எடுக்க வேண்டியது பழைய அரசு, அதுவும் அக்டோபர் முப்பத்தொன்றுக்குள். அதன் பிறகு கையெழுத்துப் போட அதற்கு அதிகாரம் இல்லை.

நான் ஞாபகக் கடிதங்களின் ரகசியத்தை அவளிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்போ இத்தற நாளும் அது வராம பாத்துக்கிட்டது சாருதானா?” என்றாள். ஆமாம் என்றேன். “நல்லதாப் போச்சு. கெட்டிய ஆளுக்குத்தான் அவிழ்க்கவும் தெரியும்.”

அக்டோபர் நடுவில் இரண்டு நாள் விடுப்பு எடுத்து, மார்த்தாண்டத்தில் பஸ் ஏறித் திருவனந்தபுரம் போனேன். மேலிடத்தில் அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் சரஸ்வதி அம்மா என்ற குமாஸ்தா. நெற்றியில் சந்தனம், காதில் பென்சில். நான் தாலுகாவின் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

“ஓ! ஆ தாலுகாவோ!”

என்னைப் பின்பக்கத்து அலமாரிக்கு அழைத்துப் போனார். ஒரு தட்டு முழுவதும் நான். அறுபதுக்கு மேற்பட்ட ஞாபகக் கடிதங்கள், பத்தொன்பது கோப்புகள், ஒன்றுக்கொன்று நாடாவால் கட்டி, எது தலை எது வால் என்று தெரியாதபடி. ஐந்து வருஷமாக அந்த நாற்காலிக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தத் தட்டைப் பார்த்து மாற்றல் கேட்டிருக்கிறார்கள்.

“இது எழுதிய ஆள் இப்பவும் அவிடே உண்டோ?” என்று கேட்டார்.

“உண்டு,” என்றேன். “சீக்கிரம் ஓய்வு பெற்றுவிடுவார்.” எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது.

கெஞ்சிப் பயனில்லை என்று எனக்குத் தெரியும். கெஞ்சுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எங்களைப் போன்றவர்களுக்குக் காது மரத்திருக்கும். பதிலாக ஒரு சந்தேகம் கேட்டேன். பிரிந்துபோகும் தாலுகாக்களின் தீராத கோப்புகளை என்ன செய்வீர்கள்?

“சென்னைக்கு ஒப்படைக்கணும். எட்டுக் கட்டப் பட்டியல், நாலு பிரதி.”

“கோப்புக்கு ஒன்றா?”

“கோப்புக்கு ஒன்று. உள்ளே இருக்கும் கடிதம் எல்லாம் எண்ணும் தேதியுமாய் எழு...” நிறுத்திவிட்டு அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். உதடு அசைய எண்ணினார். பத்தொன்பது கோப்பு, எட்டுக் கட்டம், நாலு பிரதி.

“தீர்ந்த கோப்பானால்?” என்று கேட்டேன்.

“கட்டி உள்ளே வச்சா மதி, போதும்.”

“மூலக் கடிதம் இரண்டாவது கோப்பின் அடியில் இருக்கும்,” என்றேன். “கேள்வி ஒரு வரிதான். சாசனத்தின் முதல் அட்டவணையைப் பார்த்தால் பதிலும் ஒரு வரிதான்.”

சரஸ்வதி அம்மா காதிலிருந்து பென்சிலை எடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். “சீக்கிரம் ஓய்வு பெறும் ஆள் நிங்கள் தன்னே, அல்லே?” என்றார். அவர் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்து கூட அவிழ்த்தேன். மாலை நாலு மணிக்கு மூலக் கடிதம் வெளியே வந்தது. மாதவன் தம்பியின் மை எழுத்துக்குக் கீழே பென்சில் எழுத்து இன்னும் லேசாகத் தெரிந்தது.

வரைவை அன்றே எழுதிவிட்டார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய மேலதிகாரி பிரிவினைக் கூட்டங்களுக்குப் போய் வந்துகொண்டிருந்தார். நான் ஊர் திரும்பினேன். அக்டோபர் இருபது வரவில்லை. இருபத்தைந்து வரவில்லை. முப்பத்தொன்றாம் தேதி கடைசித் தபாலிலும் வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டதும் சைக்கிளை வேறு வழியில் திருப்பினார். நவம்பர் ஒன்று ஊரெல்லாம் பட்டாசு, ஊர்வலம், மிட்டாய். நானும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தேன். தமிழ்க்காரன் தமிழ் ராஜ்யத்தில் சேர்ந்திருக்கிறேன். ஆனால் மிட்டாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பட்டியலை எடுத்து அந்தக் கேள்விக்குறியை இன்னொரு முறை பார்த்தேன். மரியம் பீவி ஒரு பனையோலைப் பெட்டி நிறைய அச்சப்பம் கொடுத்து அனுப்பியிருந்தாள். “பட்டியலில ஏறினாலும் ஏறாட்டாலும் சாரு தின்னணும்” என்று ஆமினா ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதியிருந்தாள். இரண்டு தின்றேன்.

மறுநாள் முற்பகல் தபாலில் அது வந்தது. மூன்று வாக்கியம். முதலாவது: திருவிதாங்கூர்-கொச்சி, சாசனத்தின் முதல் அட்டவணையில் உள்ளபடி இந்திய நிலப்பரப்பு ஆகும், அங்கே பிறந்தவர் எந்த ஆண்டில் பிறந்தாலும் இந்திய நிலப்பரப்பில் பிறந்தவரே. இரண்டாவது: மனுதாரருக்கு நிரந்தரச் சான்று வழங்கவும். மூன்றாவது: இவ்வளவு தெளிவான விஷயத்துக்கு அரசின் நேரத்தை ஏன் வீணாக்க நேர்ந்தது என்று ஏழு நாளுக்குள் விளக்கம் அனுப்பவும். கையெழுத்தின் கீழே தேதியைத் தேடினேன். அக்டோபர் முப்பத்தொன்று. மையின் நிறம் பார்த்தால் மாலை நேரத்துக் கையெழுத்து என்று தோன்றியது. விளக்கம் கேட்கும் அதிகாரம், கடிதம் தபால் பையில் வந்துகொண்டிருந்தபோதே முடிந்துபோய்விட்டது. ஆகையால் இன்று வரை அனுப்பவில்லை.

நீலகண்டம் கண்ணாடியைக் கழற்றாமலேயே நிரந்தரச் சான்றை எழுதினார். நான் சேதி சொல்லச் சிப்பந்தியைச் சைக்கிளில் பள்ளிக்கு அனுப்பினேன். பட்டியலில் இருந்த கேள்விக்குறியை நானே ரப்பர் வைத்து அழித்தேன். புதிய அரசின் முத்திரை இன்னும் வந்து சேரவில்லை. பழைய முத்திரையால் குத்தக்கூடாது என்று உத்தரவு. எனவே கடிதத்தின் தலையில் என் கையாலேயே எழுதினேன்: பெறப்பட்டது, வெள்ளிக்கிழமை, 2 நவம்பர் 1956.